வலியைப் பங்கு வைத்த ஊர்

கடல் ஒரு பக்கமும் உப்பளம் மூன்று பக்கமுமாக வெயிலில் வெந்துகொண்டிருக்கும் அளத்தங்கரை என்ற ஊரில், ஒரு பங்குனி மாதக் காலையில், ஆறு வயதுப் பொன்மாரியின் மோதிர விரலில் டாக்டர் ஆவுடைச்செல்வி ஊசியால் லேசாகக் குத்தினாள். குத்திய நொடியில் பொன்மாரி "ஆ" என்றாள், பக்கத்தில் நின்ற அவள் அம்மா பேச்சிக்கனி "ஆ" என்று கையை உதறினாள், அரை மைல் தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்த அவள் அப்பா இசக்கிராசா பலகையைக் கீழே போட்டுவிட்டு விரலைப் பார்த்தான், டீக்கடையில் வடையைக் கடிக்கப் போன தாய்மாமன் "ஸ்" என்று விரலைச் சூப்பினார், அதற்கும் அடுத்த தெருவில் பூக் கட்டிக்கொண்டிருந்த சித்தி மகள் எறும்பு கடித்துவிட்டதென்று பூக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். அன்றிலிருந்து அந்த ஊரில் வலி அப்படித்தான் ஆயிற்று. ஏன் ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. உப்பு ஏன் விளைகிறது என்றுகூட அங்கே யாரும் கேட்டதில்லை, விளைந்தால் வாருவார்கள், அவ்வளவுதான்.

ஆவுடைச்செல்வி மரபணு மருத்துவர். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கோடி அறையில் அவளுக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளைப் பெற்ற அம்மாவே "ஏதோ ரத்தம் பாக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். பாதி நாள் அவள் எதிரே குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு வட்டம் என்று போட்டு, கோடு இழுத்து, நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பிக்கொண்டே, "சொந்தத்துல கல்யாணமா, அசலா?" என்று கேட்பாள். "அசல்தான் டாக்டரம்மா" என்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் பெண்ணின் அம்மாவுக்கு அத்தைதான் மாப்பிள்ளைக்குப் பாட்டி என்று மெதுவாக வெளியே வரும். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் அது சொந்தமே இல்லை. மீதிப் பாதி நாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றுவதிலும், இயந்திரம் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து முடிப்பதற்குக் காத்திருப்பதிலும் போகும். எல்லாம் முடிந்தபின் இருக்கிறது உண்மையான வேலை. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து பிசகியிருக்கிறது, அதனால்தான் உங்கள் பிள்ளை இப்படி இருக்கிறது, இதில் உங்கள் பாவமும் இல்லை சாபமும் இல்லை என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாததைச் சொல்லாமலும் இருக்க வேண்டும். பிள்ளையின் ரத்தமும் தகப்பன் ரத்தமும் ஒட்டாத வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள், பார்த்து வாயைத் தைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பொன்மாரியின் உடம்புக்கு ரத்தம் ஊறத் தெரியாது. அப்பாவிடமிருந்து ஒரு பிசகு, அம்மாவிடமிருந்து அதே பிசகு, இரண்டும் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் ரத்தத்தை ஏற்றினால்தான் அவள் எழுந்து விளையாடுவாள். இதே பிசகு ஊரில் வேறு யாருக்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் ஆவுடைச்செல்வி அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் முகாம் போட வந்திருந்தாள்.

ஊசியும் கையுமாக அவள் தெருத்தெருவாக நடந்தாள். நெல்லுக் கொட்டி அளந்தது மாதிரி வலி பங்காகியிருந்தது. பெற்றவர்களுக்குப் பாதி. மாமனுக்கும் சித்திக்கும் அதில் பாதி. சித்தி மகளுக்கு அதிலும் பாதி, எறும்புக்கடி அளவு. அதற்கும் தள்ளிப்போனவர்களுக்கு ஒரு கூச்சம் மட்டும், காதோரம் மயிர் பட்டது போல. இருபது வருஷமாக அவள் கரும்பலகையில் எழுதி எழுதிப் பாடம் எடுத்த கணக்கு, கண்ணால் காணவே முடியாது என்று நினைத்திருந்த கணக்கு, ஓர் ஊர் முழுக்க எழுந்து நின்று அவளுக்குத் தன் வாயாலேயே ஒப்பித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், யாருக்கும் தெரியாமல் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

மதுரைக்குப் போய் அவள் இதை ஒரு கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊரிலும் இதே போல் வலிக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டு அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளத்தங்கரைக்கு அந்தப் பத்திரிகையைப் பற்றிய கவலை இல்லை. ஊருக்கு வேலை இருந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிற கால் எப்போதும் வெடித்த கால். வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். இப்போது அண்ணன் காலில் பட்டால் தம்பிக்கும் எரிந்தது. அதனால் தம்பிமார் அண்ணன்மாருக்கு வேப்பெண்ணெய் தடவினார்கள், விரோதத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை மட்டும் பிடித்து, தடவினார்கள். வாத்தியார் பிரம்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார், ஏனென்றால் இரண்டாம் வகுப்பில் ஒரு பையனை ஓர் அடி அடித்ததும் அவனுக்குத் தாய்மாமனான ஊர்த்தலைவர் சாப்பாட்டுத் தட்டோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். காது குத்து விழாவில் மடியில் குழந்தையை வைத்திருக்கும் மாமன்மார், அதுவரைக்கும் சும்மா ஒப்புக்கு அணைத்துக்கொண்டிருந்தவர்கள், முதல் தடவையாகக் குழந்தையைவிடச் சத்தமாக அழுதார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால் அவள் அக்கா தங்கச்சிகள் எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு யாராவது வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள், ஒரு பிள்ளை பிறந்தால் ஒரு தெருவே வியர்த்துக் களைத்துப்போய் வாசலில் வந்து உட்கார்ந்து காற்று வாங்கும். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் ஒருவன் இருந்தான். அவன் அடித்த அடி மச்சினர்கள் முதுகில் விழுந்தது. ஒரே வாரத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டான்.

எல்லாம் நல்லதுதான், இதுவரைக்கும். ஆனால் வலிப்பதைப் பார்த்த கண் வலிக்காததையும் பார்க்கத் தொடங்கிற்று. பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது அப்பன் ஏன் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தான்? வடக்குத்தெரு மளிகைக்கடைக்காரரின் விரல் கல்லாப்பெட்டியில் நசுங்கியபோது தெற்குத்தெருவில் ஒரு கல்லூரிப் பையன் ஏன் துள்ளினான்? ஒரு பெண் தாய் வீட்டுக்குப் போனாள். ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. ஒரு கிழவர், பாவம், நல்ல மனிதர், எழுபது வயதில் தன் தம்பி தன் தம்பி இல்லை என்று தெரிந்து கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார், கூப்பிட்டால் வரவில்லை.

அப்போதுதான் உமையக்காள் எழுந்தாள். உப்பு மூட்டை தைக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. புருஷன் செத்துப் பல வருஷமாயிற்று. மாலையரசி என்று பத்தொன்பது வயதில் ஒரே மகள். உமையக்காள் கோணி ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு தெருமுனையில் நின்று பேசினால் உப்பு லாரிக்காரன்கூட எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பான்.

"இந்தா பாருங்க, இது நமக்கு ஆகாது," என்றாள். "ஊசி குத்துனா வலிக்கிறது ஊசியோட போகட்டும், நம்ம வீட்டுக் கதவைத் திறந்து உள்ள வரப்பிடாது. இன்னையிலருந்து யாரு 'ஆ'ன்னாலும் கேட்டவன் எல்லாரும் 'ஆ'ன்னு கத்தணும். வலிச்சாலும் கத்து, வலிக்காட்டியும் கத்து. எவன் யாருக்கு என்ன முறைன்னு எவனும் கண்டுபிடிக்கப்பிடாது. என்னடே சொல்லுதீய?"

ஊர் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு கடற்கரையில் உட்கார்ந்திருந்த கிழவரை நினைத்தது. "சரிதாம் அக்கா" என்றது.

அப்படித்தான் அளத்தங்கரையின் புது மரியாதை பிறந்தது. ஒரு வீட்டில் அருவாமனை விரலில் பட்டால் அந்தத் தெரு கத்தும், தெரு கத்தியதைக் கேட்டு அடுத்த தெரு கத்தும், கோயிலில் ஐயர் மந்திரத்தை நிறுத்திக் கத்துவார், மாதா கோயிலில் ஜெபத்தை நிறுத்திக் கத்துவார்கள், பள்ளிவாசல் தெருவில் பிரியாணிக் கரண்டியோடு கத்துவார்கள். கத்தாத விருந்தாளியை வளர்ப்புச் சரியில்லாதவன் என்றார்கள். ஊருக்குள் வரும் பஸ் கண்டக்டர் விசிலோடு சேர்த்து ஒரு "ஆ"வும் கற்றுக்கொண்டார். யார் உண்மையாகக் கத்துகிறார்கள், யார் சும்மா கத்துகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று, கிழவர் வீட்டுக்குத் திரும்பினார், அவர் தம்பி அவருக்கு மீன்குழம்பு கொண்டுவந்தான். எல்லோரிலும் சத்தமாகக் கத்தியவள் உமையக்காள்தான். எந்த விரலுக்கும், எந்த முழங்காலுக்கும், அடிவயிற்றிலிருந்து கத்துவாள்.

ஆவுடைச்செல்வி திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. பொன்மாரியின் ஈரல் கனக்கத் தொடங்கிவிட்டது; ஏற்றுகிற ரத்தத்தோடு சேர்ந்த இரும்பு உள்ளே படிந்துகொண்டே வருகிறது, மருந்துக்கு முழுதாகக் கட்டுப்படவில்லை. இனி ஒரே வழிதான். ஒத்துப்போகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்குள் செலுத்த வேண்டும், அதுவும் ஈரல் கெட்டுப்போவதற்குள். பெற்றவர்கள் பாதிதான் ஒத்துப்போவார்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் நாலில் ஒரு பங்கு நம்பிக்கை உண்டு. "வேற பிள்ளைங்க?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "மொத ரெண்டும் தங்கலை டாக்டரம்மா. இவ ஒருத்திதான்," என்று பேச்சிக்கனி சொல்வாள், சொல்லும்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

மாமன்கள், சித்திகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் பார்த்தாயிற்று. யாரும் ஒத்துவரவில்லை. கட்டமும் வட்டமுமாகப் போட்டிருந்த படத்தை இரண்டாம் மாடி அறையில் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவளுக்கு அளத்தங்கரையின் வலி நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொல்லப்படாத யாராவது ஒருவர் அந்த ஊரில் இருந்தால், பொன்மாரியின் விரல் அவரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஊர்தான் சேர்ந்து கத்துகிறதே.

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி முன்னால் ஊரைக் கூட்டி அவள் கேட்டாள். "ஒரே ஒரு காலை. ஒரே ஒரு குத்து. அன்னைக்கு மட்டும் யாரும் சும்மா கத்தாதீங்க. யாருக்கு நிஜமா வலிக்குதோ அவங்க மட்டும் எங்கிட்ட சொல்லுங்க. பிள்ளை உசுரு."

உமையக்காள் எழுந்தாள்.

"எங்க மானத்தை உங்க ஊசியில கோத்துப் பாக்கணுமா டாக்டரம்மா? இப்பதான் ஒரு மாதிரி எல்லாரும் தூங்குதோம். பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் செய்யுவோம். காசு வேணுமா, பிரிப்போம். ரத்தம் வேணுமா, வரிசையில நிப்போம். இது மட்டும் கேக்காதீய."

"அக்கா," என்றாள் ஆவுடைச்செல்வி. அவள் யாரையும் இப்படிக் கெஞ்சியதில்லை. "எனக்குத் தெரிஞ்சது எங்க வீட்டுச் சுவத்துக்குக்கூடத் தெரியாது. அதுதான் என் வேலையே. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிடுங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க வேண்டாம். வலிச்சவங்க பொழுது சாயறதுக்குள்ள நர்ஸ் இருக்கற கட்டடத்துக்குப் பின்வாசல் வழியா வந்தாப் போதும்."

உமையக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் இசக்கிராசாவின் தோளில் சாய்ந்து, வெளுத்த உதடுகளோடு, எதற்குக் கூட்டம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்த பொன்மாரியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அதை ஊர் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் அளத்தங்கரை முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. உப்பளத்தில் ஆள் இல்லை. டீக்கடை அடுப்பு அணைந்திருந்தது. பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் இறங்காமல், கண்டக்டர் தயங்கித் தயங்கி விசிலைக்கூட ஊதாமல் போயிற்று. வெள்ளை வெளேரென்று உப்பு மேடுகள், அதன் நடுவே சத்தமே இல்லாத ஓர் ஊர், அந்த ஊரின் நடுவே ஒரு குழந்தையின் விரலும் ஓர் ஊசியும். ஆவுடைச்செல்வி குத்தினாள். "ஆ" என்றாள் பொன்மாரி. வேறெந்தச் சத்தமும் வரவில்லை. அத்தனை கதவுகளுக்குப் பின்னால் அத்தனை பேரும் முதல் முறையாகத் தங்கள் வலியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள், வலிக்காதவர்கள் தங்கள் வலியின்மையையும்.

நர்ஸ் கட்டடத்தின் பின்வாசலில் நாற்காலி போட்டு அவள் காத்திருந்தாள். மத்தியானம் ஆயிற்று. ஏற்கெனவே பார்த்து முடித்த தாய்மாமன் வந்து, "எனக்கு வலிச்சுது, ஆனா நான்தான் ஏற்கெனவே தேறலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். வேறு யாரும் வரவில்லை. வெயில் இறங்கி, உப்பு மேடுகள் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகத் தொடங்கிய நேரத்தில், ஆவுடைச்செல்வி பெட்டியைக் கட்ட எழுந்தபோது, உமையக்காள் வந்தாள். பின்வாசல் வழியாக அல்ல, நடுத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இவளுக்குத்தான்," என்றாள்.

ஆவுடைச்செல்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் அவள் வேலைதான். உமையக்காள் படியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தானே சொன்னாள்.

"பேச்சிக்கனிக்கு மொத ரெண்டும் தங்கலை. மூணாவது பிறந்ததும், எங்க வழக்கப்படி, விதியை ஏமாத்தணும்னு பிள்ளையை ஒரு படி தவிட்டுக்கு எங்கிட்ட வித்துட்டாவ. வித்துட்டா அது அவுக பிள்ளை இல்ல, எடுத்துட்டுப் போக வர்றவன் ஏமாந்துபோவான். ஒரு வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்கிக்கிடணும். அதான் பேச்சு. வருஷம் முடிஞ்சு தவிட்டைக் கொண்டுகிட்டு வந்தாவ. நான் கதவைத் திறக்கலை. எனக்குப் பிள்ளை இல்லைல்லா. 'இப்ப எடுத்துட்டுப் போனா இதுவும் தங்காது பேச்சி'ன்னு உள்ள இருந்தே சொன்னேன். பயந்துபோயிட்டா. இசக்கியம்மன் கோயில்ல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டாவ ரெண்டு பேரும், பிள்ளை கேட்டு வாசல் மிதிக்க மாட்டோம்னு. ஊருக்கெல்லாம் தெரியும். ஊரு வாயத் திறக்கலை. இவளுக்குச் சந்தேகம் வந்துரப்பிடாதுன்னு ஊருல உள்ள அத்தனை பிள்ளைகளையும் 'உன்னைத் தவிட்டுக்குல்லா வாங்குனோம்'னு கேலி பண்ணி வளத்தாவ."

உமையக்காள் மகளின் விரலைப் பார்த்தாள். "இன்னைக்குக் கதவைச் சாத்திட்டு நாங்க ரெண்டு பேரும்தான் இருந்தோம். இவ கத்தலை. விரலை மட்டும் மடக்கி முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டா. எனக்குத் தெரியப்பிடாதுன்னு."

"எனக்கு அந்தப் பங்குனியிலயே தெரிஞ்சுபோச்சு," என்றாள் மாலையரசி. சாதாரணமாகத்தான் சொன்னாள். "பேச்சிக்கனி அக்கா அடுப்புல கைய வச்சா எனக்குச் சுடும். பொன்மாரிக்கு ரத்தம் ஏத்துற அன்னைக்கெல்லாம் எனக்குக் கை வலிக்கும். ஊரோட சேந்து நானும் கத்திக்கிடுவேன். அம்மாட்ட எப்படிச் சொல்ல?"

கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு ஆவுடைச்செல்வி கிளம்பினாள். போகும் வழியில் பேச்சிக்கனி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினாள். கோபப்பட வேண்டும் என்றுதான் நிறுத்தினாள். பிள்ளை சாகக் கிடக்கும்போதும் சொல்லாமல் இருந்தாயே என்று கேட்க வேண்டும் என்றுதான். பேச்சிக்கனி வாசலிலேயே நின்றிருந்தாள். "சத்தியம் பண்ணியாச்சு டாக்டரம்மா," என்றாள். "மீறுனா அம்மன் ரெண்டு பிள்ளையையும் சேத்து எடுத்துக்கிடுவாளோன்னு பயம். பதினெட்டு வருஷம் எட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த வருஷம்தான் அவ கால்ல உப்பு பட்டா எனக்கு எரியுது. இது போதும்னு இருந்துட்டேன்." ஆவுடைச்செல்வி கேட்க வந்ததைக் கேட்காமலே ஜீப்பில் ஏறினாள்.

ஆய்வகத்தில் அந்த வாரம் அவள் யாரையும் தொட விடவில்லை. துளியைக் குழாய் மாற்றியது அவள், இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள். நாலில் ஒரு பங்கு உண்டு என்றால் மீதி மூன்று பங்கு இல்லை என்றுதான் அர்த்தம். திரையில் வரிசை வரிசையாக வந்தது. முதல் வரிசை ஒத்தது. இரண்டாவதும் ஒத்தது. கடைசி வரிசை வரைக்கும் அவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தாள். எல்லாம் ஒத்தது. மாலையரசியும் பொன்மாரியும், ஒரு படி தவிட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள், அந்த வரிசைகளில் எது யாருடையது என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒன்றாக இருந்தார்கள். இதைச் செய்தது எந்தக் கை என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடியும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பொன்மாரி பிழைத்தாள். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, கதை முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அக்காவின் மஜ்ஜை அவளுக்குள் வேர்பிடித்து, அவளுக்கு ரத்தம் ஊறத் தொடங்கி, அவள் கன்னம் சிவந்து, வாத்தியார் பிரம்பை மறுபடியும் இறக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வாலாக வளர்ந்ததெல்லாம் பின்னால் நடந்தது. சொல்ல வந்தது அதற்கு முன்னால், மதுரையில், மாலையரசியிடமிருந்து மஜ்ஜை எடுக்கிற நாளின் காலையில் நடந்ததை.

பொன்மாரி கண்ணாடி அறைக்குள் இருந்தாள். பேச்சிக்கனியும் இசக்கிராசாவும் வெளியே வராந்தாவில். உள்ளே கட்டிலில் மாலையரசி, பக்கத்தில் உமையக்காள். உமையக்காள் ஆவுடைச்செல்வியை ஜன்னல் ஓரமாகக் கூப்பிட்டாள். உப்பு லாரியை நிறுத்துகிற குரல் இல்லை அது.

"டாக்டரம்மா, உங்ககிட்டச் சொன்னா சுவத்துக்குத் தெரியாதுன்னு சொன்னீயள்லா. எனக்கு ஒரு நாளும் வலிச்சதில்ல." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தச் சித்திரையில இவ கால்ல ஆணி ஏறுச்சு. நாலு தெரு தள்ளிப் பேச்சிக்கனி கீழ விழுந்து புரளுதா. நான் இவ காலை மடியில வச்சிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு கூச்சம்கூட இல்ல. அன்னைக்கு ராத்திரி பூரா என் காலை நானே கிள்ளிப் பாத்துக்கிட்டு இருந்தேன். மறுநாள்தான் ஊரைக் கூட்டிக் கத்தச் சொன்னேன். ஊர் மானம்னு சொன்னதெல்லாம் பொய். எம் மகளுக்கு வலிச்சா எனக்கு வலிக்கலைன்னு யாருக்கும் தெரியப்பிடாது. அதுக்குத்தான்."

ஆவுடைச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி எப்படிப் பங்காகும் என்று அவளுக்குத் தெரியும். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அந்தக் கணக்கில் உமையக்காளின் பங்கு பூஜ்யம்தான், அதை மாற்றிச் சொல்ல அவளால் முடியாது. பொய் சொல்லி ஆறுதல் தருகிற பழக்கமும் அவளுக்கு இல்லை. அதனால் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் வந்தாள். மாலையரசியின் கையில் நரம்பு பார்த்து, பஞ்சால் துடைத்து, ஊசியின் மூடியைக் கழற்றினாள். ஊசி இன்னும் காற்றில்தான் இருந்தது.

"ஆ!" என்று கத்தினாள் உமையக்காள்.

நர்ஸ் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். "என்னம்மா நீங்க? நான் இன்னும் குத்தவே இல்லையே!"

மாலையரசி சிரித்தாள். "அது அப்படித்தான் சிஸ்டர். சின்னதுல இருந்தே. நான் தடுக்கி விழப் போறேன்னு எனக்கே தெரியாது, எங்கம்மா கத்திரும். பிறகுதான் நான் விழுவேன். நீங்க குத்துங்க."

நர்ஸ் குத்தினாள். ஊசி நரம்புக்குள் இறங்கிற்று, குழாயில் ஒரு பொட்டு ரத்தம் ஏறிற்று, பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. உமையக்காள் தன்னையறியாமல் முழங்கையின் மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுதாட்டி?"

"இல்லம்மா," என்றாள் மாலையரசி. சொல்லிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டதுபோல் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "வலிக்கலை. நீதான் முந்திக்கிட்டியே."

ஆவுடைச்செல்வி சட்டென்று திரும்பி வராந்தாவுக்கு ஓடினாள். கண்ணாடி அறைக்குள் பொன்மாரி தலையணைமேல் தாளை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள், பென்சில் அசங்கவில்லை. சுவரோரமாக இசக்கிராசா பல்லைக் கடித்துக்கொண்டு காத்து நின்றிருந்தான். பேச்சிக்கனி, வரப்போகும் பாதி வலிக்காக இடது கையை நெஞ்சோடு சேர்த்து இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"டாக்டரம்மா," என்றாள், "இன்னுமா குத்தலை?"

"குத்தியாச்சு," என்றாள் ஆவுடைச்செல்வி, கதவு வழியாக, உள்ளே இன்னும் முழங்கை மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த உமையக்காளைத் திரும்பிப் பார்த்தபடி.